பொம்மை லாரிக்கு எதுக்குக் கண்ணாடி?

"பொம்மை லாரிக்கு எதுக்கும்மா கண்ணாடி? யாரு உள்ள உக்காந்து தலை சீவப் போறா?"

"கேள்வி கேக்காம மாட்டுடா. ரெண்டு பக்கமும் வேணும். அப்படியே வண்டிய இன்னும் கொஞ்சம் மெதுவாக்கு."

மகனுக்குத் தலை சுற்றியது.

பேச்சுக்குத்தான் பொம்மை. நாலடி நீளம். சட்டம் முழுக்க அவனே அறுத்து, துளை போட்டு, பூட்டிய அலுமினியம். எலக்ட்ரிக் ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பேட்டரி. ரிமோட்டில் விரல் பட்டால் போதும், குடியிருப்பின் பார்க்கிங்கில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த்தான் மூச்சு விடும். ஞாயிற்றுக்கிழமை ரேஸில் எதிர்வீட்டுப் பையன் 'டர்போ'வின் வாயை அடைக்கப் போகிற வண்டி.

அதைத்தான் அம்மா ஆமையாக்கிக்கொண்டிருந்தாள்.

லாரி கம்பெனியில் நாள் முழுக்க பில் போட்டுவிட்டு வருகிறவள், ஒரு சாயங்காலம், "குடுடா, நானும் ஒரு ரவுண்டு ஓட்டறேன்" என்றாள். பாவம், அவளுக்கும் ஒரு மாற்றம் வேண்டாமா என்று கொடுத்தான். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

முதலில், பின்னால் இழுத்துப் போக ஒரு டிரெய்லர் கேட்டாள். பழைய அலமாரிப் பலகையை அறுத்துச் செய்து, கொக்கியில் மாட்டினான். அப்புறம் அதன்மேல் செங்கல் ஏற்றச் சொன்னாள். அப்புறம் மோட்டாரில் சின்ன பல்சக்கரம். வேகம் பாதியாகக் குறைந்தது.

"அம்மா, உலகத்துல எல்லாரும் வேகமாப் போகத்தான் வண்டிய மாத்துவாங்க."

"முன்னாடி போறதுக்கு என்னடா, யாரு வேணா போவாங்க. டிரெய்லரோட பின்னாடி எடுக்கணும். அங்கதான் ஆளு தெரியும்."

பார்க்கிங்கில் இரண்டு பூந்தொட்டிகளை வைத்து, நடுவில் லாரியை ரிவர்ஸில் நுழைப்பதுதான் அவளுடைய விளையாட்டு. தினமும் ஒரு தொட்டியாவது சாய்ந்தது.

"லெஃப்ட்டும்மா! ஐயோ, உன் லெஃப்ட் இல்ல, வண்டியோட லெஃப்ட்!"

"அது என்னப் பாத்துக்கிட்டு நிக்கும்போது எல்லாம் தலைகீழாப் போகுதுடா!"

ரிமோட் பிடிக்கிற எல்லோரும் தடுமாறுகிற இடம் அது. வண்டி நம்மைப் பார்த்து நின்றால், அதன் இடது நமக்கு வலது. போதாததற்கு, ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் எதிர்ப்பக்கம் போகும். இரண்டும் சேர்ந்தால் மூளை முடிச்சு போட்டுக்கொள்ளும்.

"நீயே வண்டிக்குள்ள உக்காந்திருக்கிறதா நெனச்சுக்கோம்மா."

"நெனச்சா பத்தாதுடா. உள்ள இருந்தே பாக்கணும். அதுக்குத்தான் கண்ணாடி கேக்கறேன்."

முனகிக்கொண்டே மாட்டினான். மேக்கப் டப்பாவிலிருந்து பெயர்த்த இரண்டு துண்டுக் கண்ணாடி. டிரைவர் உட்கார வேண்டிய இடத்தில் விரல் நுனியளவு கேமரா. அது காட்டுவது அம்மாவின் செல்போனில் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை லாரிக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். போனில் தெரிகிற கண்ணாடியை மட்டும் பார்த்தே ஓட்டத் தொடங்கினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அது நடந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரெய்லர் வளைந்து, நிமிர்ந்து, இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. இந்தப் பக்கம் ஒரு விரல் இடைவெளி, அந்தப் பக்கம் ஒரு விரல்.

மகன் விசிலடித்தான். "அம்மா! கொன்னுட்ட! டர்போ தலைகீழா நின்னாலும் இது வராதும்மா!"

"நெஜமாவாடா?"

"சத்தியமா! எனக்கே வராது."

அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். "சரி, எனக்குப் போதும். உன் வண்டிய நீ எடுத்துக்கோ."

பழைய பல்சக்கரத்தை மாட்டி, செங்கலை இறக்கி, டிரெய்லரைக் கழற்றி வைத்தான்.

ஞாயிறு காலை ரிமோட்டைக் காணவில்லை. அம்மாவையும் காணவில்லை. போன் போட்டான்.

"ஐயையோ, என் பையில வந்துருச்சுடா! கம்பெனிக்கு வந்து வாங்கிக்கோ."

"ஞாயித்துக்கிழமை என்னம்மா ஆபீஸ்? இன்னும் கொஞ்ச நேரத்துல ரேஸு!"

"வாடா, சொல்றேன்." போனை வைத்துவிட்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். கம்பெனி வாசலில் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே ஒரே கூட்டம். நாற்பதடி டிரெய்லர் ஒன்று, இரண்டு லாரிகளுக்கு நடுவே இருந்த சந்தில் ரிவர்ஸ் வந்துகொண்டிருந்தது. பொம்மையில் செய்தாலே வியர்க்கிற வேலை. டிரெய்லரின் வால் ஒரு இழை விலகியது. ஓட்டுகிற ஆள் பதறவில்லை. கொஞ்சமாக ஒடித்து, கொஞ்சமாக நேராக்கி, அத்தனை பெரிய மலையை அலுங்காமல் உள்ளே கொண்டுபோய் நிறுத்தியாயிற்று. பக்கத்து லாரியின் தூசி கூடக் கலையவில்லை.

ரேஸ் மறந்தே போனது அவனுக்கு.

"என்னா கைண்ணே!" என்றான், பக்கத்தில் டீ கிளாஸோடு நின்ற டிரைவரிடம். "யாருண்ணே அந்த ஆளு? கால்ல விழுந்தாவது கத்துக்கணும்ணே!"

"வண்டிக்குப் புதுசு தம்பி. இன்னைக்குத்தான் டிரைவர் வேலைக்கு டெஸ்ட்டு. மத்ததெல்லாம் போன மாசமே பாஸு. ரிவர்ஸ்ல மட்டும் கோட்டை விட்டுட்டாங்க. அதை எங்க போயி கத்துக்கிட்டாங்களோ, தெரியல!"

கேபின் கதவு திறந்தது. தோளில் கைப்பையும் கையில் அவனுடைய ரிமோட்டுமாக அம்மா இறங்கினாள்.

"பாத்துட்டியாடா? சொல்லு சொல்லு, எப்படி இருந்துச்சு?"