நீங்க சொன்னா சரிதாங்க

"அது நீர்க்காகம்தானே?" என்று கேட்டார் தொப்பிக்காரர், மடியிலிருந்த குறிப்பேட்டைத் திறந்தபடி.

பட்டுப்போன கிளையில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது பாம்புத்தாரா. அந்த ஒல்லிக் கழுத்து ஒன்று போதும், பாம்பு எட்டிப் பார்ப்பது போலவே இருக்கும். இந்தச் சதுப்பில் துடுப்புப் போட வந்த முதல் வாரத்திலேயே வழிகாட்டிக்கு அது மனப்பாடம்.

"நீங்க சொன்னா சரிதாங்க. நீர்க்காகமேதான்!" என்று குழைந்தான் வழிகாட்டி.

குழையாமல் என்ன செய்வான்? வழிகாட்டி உரிமத்துக்கான சோதனையில் ஏற்கெனவே இரண்டு தடவை தவறிவிட்டான். இந்த மூன்றாவதும் போனால் மறுபடி வாய்ப்பே கிடையாது; மாமனாரின் மரப்பட்டறையில் தூள் அள்ளப் போகவேண்டியதுதான். அந்த மனுஷனின் முகத்தில் தினமும் விழிப்பதைவிடக் குழைவதே மேல்.

காலையில் டிக்கெட் கவுண்டரில் இருக்கும் மச்சான் காதைக் கடித்திருந்தான்.

"மாப்ளே, உன் படகுல நாலு சிநேகிதங்க வர்றாங்க. அதுல ஒருத்தர் உன்னைச் சோதிக்க வர்ற அதிகாரி. யாருன்னு மட்டும் தெரியல."

கண்டுபிடிப்பது என்ன பெரிய வித்தையா? ஒருவர் ஏறியதுமே தூங்கிவிட்டார். இன்னொருவர் சதுப்புக்கும் பறவைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு தன் முகத்தையே செல்போனில் படம் பிடித்தார். பூப்போட்ட சட்டைக்காரர் ஓயாமல் கேள்வி கேட்டு உயிரை எடுத்தார். மிச்சம் தொப்பிக்காரர். அவருடைய பைனாகுலரில் விரல் படும் இடமெல்லாம் கறுப்புத் தேய்ந்து தகடு தெரிந்தது. இவர்தான் என்று படகு கிளம்பும் முன்பே முடிவுகட்டிவிட்டான் வழிகாட்டி.

"ஏங்க, மூக்கு சிவப்பா ஒண்ணு நீந்துதே, அது வாத்துங்களா?" என்றார் பூப்போட்ட சட்டைக்காரர்.

"தாழைக்கோழி சார் அது. வாத்துப் பாக்கணும்னா உங்க வீட்டுப் பக்கத்துக் குளத்துலயே பாத்திருக்கலாமே, இவ்வளவு தூரம் எதுக்கு?"

தொப்பிக்காரர் ஏதோ எழுதிக்கொண்டார். வழிகாட்டிக்கு உச்சி குளிர்ந்தது.

சற்றுத் தள்ளி நத்தைகுத்தி நாரை ஒன்று நின்றது. பாக்குவெட்டி மாதிரி நடுவில் இடைவெளி விட்ட அலகு. தொப்பிக்காரர் பைனாகுலரை இறக்கிவிட்டு, "கொக்கு" என்றார்.

"கொக்கேதாங்க! என்ன கண்ணுங்க உங்களுக்கு!"

நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாத மண்டு, இதெல்லாம் ஒரு அதிகாரி என்று உள்ளுக்குள் காறித் துப்பினான் வழிகாட்டி. நாற்காலியைத் தேய்த்தே மேலே வந்த கூட்டம். பைனாகுலரையும் அப்படித்தான் சும்மா வைத்துத் தேய்த்திருப்பார். முன்பு வந்த இரண்டு அதிகாரிகளிடமும் எதிர்த்து வாயாடியதால்தான் கெட்டுப்போனோம் என்பது அவன் கணக்கு. இந்தத் தடவை அந்த மடத்தனத்தைச் செய்வதாக இல்லை.

வளைவு திரும்பியதும், சேற்றுக் கரையில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தது முதலை.

"அடேயப்பா, எவ்வளவு பெரிய உடும்பு! கிட்டப் போய்ப் பாக்கலாமா?" என்றார் தொப்பிக்காரர்.

வழிகாட்டி துடுப்பை நிறுத்தினான். முதலையைக் கண்டால் படகைத் தள்ளி நிறுத்தவேண்டும் என்பதுதான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துவிட்டார்.

"டேய், அது முதலைடா!" என்று அலறினார்.

"சும்மா இருங்க சார், ஐயாவுக்குத் தெரியாததா? உடும்புதான்" என்று துடுப்பைக் கரைப்பக்கம் திருப்பினான் வழிகாட்டி.

"வேண்டாம், வேண்டாம். இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது" என்று அவசரமாகத் தடுத்தார் தொப்பிக்காரர். மறுபடியும் எழுதினார்.

உடும்புக்கே பயப்படுகிற வீரர் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு படகைத் திருப்பினான் வழிகாட்டி. உரிமம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக மாமனார் வீட்டுக்குப் போய், அதை அவர் கண்ணெதிரே ஆட்டிக் காட்டவேண்டும்.

படகுத்துறையில் மூன்று பேரும் இறங்கிப் போனார்கள். கடைசியாக இறங்கிய தொப்பிக்காரர், முத்திரை குத்திய தாள் ஒன்றை நீட்டினார். பல்லெல்லாம் தெரிய வாங்கிப் பார்த்தான் வழிகாட்டி. 'தேறவில்லை' என்று இருந்தது.

"ஐயா, என்னங்க இது அநியாயம்! நீங்கதான் அதிகாரின்னு ஏறினப்பவே கண்டுபிடிச்சுட்டேங்க. நீங்க சொன்னதுல ஒண்ணையாவது மறுத்துப் பேசினேனா?"

தொப்பிக்காரர் பைனாகுலரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"மூணையும் வேணும்னேதான் தப்பாச் சொன்னேன், தம்பி."