ஒத்தப்பாறையில் மூட்டம்

"தவமணீ!"

புருஷனின் குரல் வலப்பக்கமிருந்து வந்தது. மறுநொடியே இடப்பக்கமிருந்தும் வந்தது.

அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேகமூட்டம் இப்படித் திடுதிப்பென்று இறங்கும் என்று யார் கண்டது? சற்று முன்புதான் ஒத்தப்பாறையில் நின்று, கீழே மினுங்கிய கண்மாயைக் காட்டி, "அந்தா, எங்க ஊரு" என்று பீற்றிக்கொண்டிருந்தான். ஒரு போட்டோ எடுத்துட்டு வர்றேன் என்று நாலு எட்டு தள்ளிப் போனான். அவ்வளவுதான். பாறை, மரம், புருஷன் எல்லாம் போயிற்று. அவள் கையே அவளுக்குத் தெரியவில்லை.

மறுவீட்டு விருந்துக்கு அவளுடைய மலையூருக்கு வந்த மாப்பிள்ளை. மலை ஏறுவதே இதுதான் முதல் தடவை.

அட்டை கடிக்கும் என்று சொன்னாள். குரங்கு பையைப் பிடுங்கும் என்று சொன்னாள். மூட்டம் இறங்கினால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும், யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. இந்த ஊரில் அதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. மூச்சு விடவா சொல்லித் தருவார்கள்?

இங்கே குரல் கொடுத்தால் எதிர்மலை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். அந்தக் குரலை நம்பி நடந்தால் நடுவில் பள்ளம்.

"தவமணி! விழுந்துட்டியா? ஏதாச்சும் பேசு புள்ள!"

அழுகிறான். சரளையில் அவன் செருப்பு நறநறத்தது. பாவி மனுஷன், அவளைத் தேடி நடக்கிறான்!

பதில் சொன்னால் எதிர்மலையைப் பார்த்துப் போவான். சொல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருப்பான்.

வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"உக்காருங்க!"

எதிர்மலையும் அதையே சொன்னது. சொல்லட்டும். எந்தப் பக்கம் கேட்டாலும் அவன் உட்கார்ந்தால் போதும். கேட்க வேண்டுமே, சாமி!

செருப்புச் சத்தம் நின்றது.

உட்கார்ந்துவிட்டானா? இல்லை, பள்ளத்தில்...?

கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் எழுந்து வருவான்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு, வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூட்டம் விலகணும், விலகணும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

காற்று திரும்பியது. காலடிப் புல் தெரிந்தது. பிறகு, கொஞ்சம் தள்ளி, சரளை.

இன்னும் கொஞ்ச நேரம் மூடியே இருக்கட்டும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டாள்.