செவலையின் காது

காலையில் பால் கறப்பதற்கு முன் ஒவ்வொரு மாட்டின் காதிலும் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைக்க வேண்டும். ரத்தத்தில் பசுந்தீவனம் தரும் ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து போதுமான அளவு இருந்தால் பச்சை விளக்கு எரியும். குறைந்தால் சிவப்பு. சிவப்பு எரிந்த அரை மணி நேரத்தில் பால் நிறுவனத்தின் வண்டி வந்து மாட்டை ஏற்றிக்கொண்டு போய்விடும். போன மாடு எதுவும் திரும்பியதில்லை.

கோடையில் பசுந்தீவனம் கருகியபோது தெய்வானை ஒரு வழி கண்டுபிடித்தாள். கிடைத்த முருங்கைத் தழையையெல்லாம் செவலைப் பசுவுக்கே போட்டாள். தன் ஆறு மாடுகளின் பெயரிலும் செவலையின் ரத்தத்தையே வைத்தாள். ஐம்பது நாளும் பச்சைதான்.

இன்று ஊசியைக் கண்டதுமே செவலை வெடவெடவென்று நடுங்கியது. ஆறு சொட்டு வைத்தாள். ஆறும் சிவப்பு.

“ஏனுங்க, இங்க வாங்க!”

ஓடிவந்த கணவன் குப்புராசு கருவியைப் பார்த்தான். “பயந்தாலே அளவு எறங்கிப்போகும் புள்ள. உள்ளதச் சொல்லிப்போடலாம். மத்த அஞ்சையாவது உட்டுருவாங்க.”

“சொன்னா அஞ்சுக்கும் திரும்ப ரத்தம் எடுப்பாங்க. அதுக வெறும் காஞ்ச சோளத்தட்டுதானுங்க தின்னுச்சு.”

வாசலில் வண்டி வந்து நின்றது. எப்போதும் வரும் சின்ன வண்டி அல்ல.

தெய்வானை அழுதுகொண்டே செவலையின் கழுத்தைத் தடவக் கை நீட்டினாள். அது மிரண்டு விலகி, யாரும் இழுக்காமலே வண்டியில் ஏறிக்கொண்டது.