இருபது முகம்

"இது என்னடா, உங்க ஊர் ஷிங்காரா சமோசா மாதிரி?"

ரமணனின் அம்மா சௌந்தரம் மேசை மேலிருந்த சிவப்புப் பகடையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"அது நாலு முகப் பகடை, மாஷிமா," என்றாள் நந்திதா, ரமணன் வாயைத் திறப்பதற்குள். வங்காளிப் பெண்; 'மாஷிமா' என்றால் அவர்கள் வழக்கில் பெரியம்மா. ஆனால் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தோடு வளர்ந்தவள். தமிழ் தடையில்லாமல் வந்தது. "கீழே போட்டுடாதீங்க. கால்ல குத்தும்."

ரமணனின் லேக் கார்டன்ஸ் வீட்டில் ஞாயிறுதோறும் இந்த மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ராட்சசர்களையும் பறக்கும் நாகங்களையும் கற்பனையில் வேட்டையாடுவார்கள். நந்திதா கதை சொல்வாள். மற்றவர்கள் பகடை உருட்டுவார்கள். இன்று நண்பர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான் ரமணன். அவனும் நந்திதாவும் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று இன்று அம்மா முடிவு சொல்ல வேண்டும்.

நந்திதாவின் ஜாதகத்தை இரண்டு ஜோசியர்கள் பார்த்தாகிவிட்டது. ஒருவர் பேஷ் என்றார். இன்னொருவர் கூடவே கூடாது என்றார். கும்பகோணத்தில் வீரராகவன் மாமா, மயிலாப்பூர்ப் பெண் ஒருத்தியின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலப் போனுக்குக் காத்திருந்தார்.

"நான் என்னடா சொல்றது? மேல இருக்கறவர் சொல்லணும்." காலையிலிருந்து அம்மாவிடம் இதே பதில்தான்.

"இத்தனை பகடை எதுக்கு? ஒண்ணு போறாதோ?" என்றாள் சௌந்தரம்.

"எவ்வளவு அடி படும்னு பார்க்கத்தான், மாஷிமா. சின்னக் கத்தின்னா நாலு முகம். வாள்னா எட்டு. ராட்சசனோட கோடாலிக்குப் பன்னிரண்டு."

"சமைக்கறதுக்கு எது?"

"இந்த விளையாட்டுல யாரும் சமைக்கறதில்லைம்மா," என்றான் ரமணன்.

"அதான் எல்லாரும் பசியில வெட்டிக்கறா."

நந்திதா சிரித்துவிட்டாள். சௌந்தரம் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்த நீலம்? பந்து மாதிரி உருள்றதே."

"அதுதான் ராஜா. இருபது முகம். நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா அதைத்தான் உருட்டணும். பூட்டு திறக்குமா, நாகம் தூங்குமா, இளவரசி சம்மதிப்பாளா, எல்லாத்துக்கும்."

சௌந்தரம் பகடையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு ரிக்‌ஷா மணியடித்துப் போயிற்று. 

"எந்தச் சந்தேகம்னாலுமா?"

"எதுன்னாலும், மாஷிமா."

"அப்போ இதையும் கேட்டுடலாம். நன்னா விழுந்தா இந்தக் கல்யாணம். மோசமா விழுந்தா மயிலாப்பூர். அப்புறம் யாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப்படாது."

"அம்மா, விளையாடாதே!"

"விளையாட்டுச் சாமான்தானேடா இது?"

"எது நல்லது, எது மோசம்னாவது கேட்டுக்கோ..."

"எல்லாம் தெரியும். நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து உருட்டறேன்."

கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு, பித்தளைத் தாயக்கட்டையை வீசுகிற வேகத்தில் வீசினாள். பகடை மேசையில் ஒரு தடவை குதித்தது. விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து, கட்டில் பக்கம் ஓடி மறைந்தது.

"யாரும் கிட்ட வராதீங்கோ!"

சௌந்தரம் மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையில் வைத்து, கட்டிலுக்கடியில் பார்த்தாள். ரமணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான்.

"என்னம்மா?"

"இரு. கைக்கு எட்டலை. ஆனா நன்னாத் தெரியறது." தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே நுழைத்தாள். "ஒண்ணு."

ரமணன் நாற்காலியில் சரிந்தான். நந்திதா மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இருபது முகப் பகடையில் ஒன்றைவிடக் கேவலமான எண் கிடையாது. அது விழுந்தால் மாவீரன்கூடத் தன் வாளைத் தன் காலிலேயே போட்டுக்கொள்வான்.

சௌந்தரம் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கேள்? தாயம்டா, தாயம்! தாயம் விழாம எந்தக் காய் கட்டத்துல இறங்கும்?"

"அம்மா, இந்த ஆட்டத்துல ஒண்ணுன்னா..."

மேசைக்கடியில் நந்திதா அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"...ரொம்ப ஒசத்திம்மா!"

"பின்னே?" சௌந்தரம் நந்திதாவின் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். "பந்தியில மட்டும் மீன் கிடையாது. உங்கப்பாட்ட இப்பவே சொல்லி வை."

"பாபாவை நான் பார்த்துக்கறேன், மாஷிமா."

"நான் போன் பூத்துக்குப் போய் அண்ணாகிட்டப் பேசிட்டு வரேன். பகவானே சொல்லிட்டார்னா அண்ணா அதுக்கு மேல பேசமாட்டார்."

செருப்பு மாடிப்படியில் இறங்கித் தேய்கிற சத்தம் நிற்கும்வரை இருவரும் அடக்கிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"ஒண்ணு விழுந்து ஒருத்தன் பிழைச்சது இன்னிக்குத்தான்," என்றான் ரமணன். "அந்தப் பகடையைக் கண்ணாடிப் பெட்டியில வெக்கணும்."

கட்டிலுக்கடியில் கையை நீட்டித் துழாவினான். பிறகு கட்டிலையே தூக்கி நகர்த்தினான். தூசியும் ஒற்றைச் செருப்பும்தான் இருந்தன.

"பகடையைக் காணோமே?"

"டார்ச் தரேன், இரு," என்று, கட்டிலுக்கு முன்னால் வாய் திறந்து சாய்ந்து கிடந்த தன் துணிப்பைக்குள் கையை விட்ட நந்திதா, நீலப் பகடையை வெளியே எடுத்தாள்.