இரண்டு பேருக்கு ஒரு வெளிச்சம்

அபூர்வத் திறமையைக் கண்டால் ஒளிரும் பள்ளி பெஞ்சுகளில் ஒன்று, போட்ட மூன்று வருடத்தில் முதன்முறையாக ஒளிர்ந்தது. மகள் இளவேனிலின் பெஞ்சு என்றதும் தணிகாசலம் ஓடி வந்தார்.

"இவ தனியா உக்காந்தா எரியல சார். கூடப் படிக்கிற ஷமீமா தனியா உக்காந்தாலும் எரியல," என்றார் எஸ்தர் டீச்சர். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தாத்தான் எரியுது. ஓயாம பேசுறாங்கன்னு நான்தான் இத்தனை நாளா பிரிச்சு வெச்சிருந்தேன்."

தணிகாசலம் ஜன்னல் வழியே பார்த்தார். ஒரே நோட்டின் மேல் இரண்டு தலைகள். அந்த வெளிச்சத்தில் பகல் வெயிலே மங்கலாகத் தெரிந்தது.

இரண்டு வருடம் அலைந்து வாங்கிய ஓசூர் மாற்றலை அன்றே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் ஷமீமாவின் அப்பாவைத் தேடிப் போனார்.

"பாய், உங்க மாடி போர்ஷன் காலியாத்தானே இருக்கு?"