கிட்டப் போன குற்றம்

விசாரணை அறையில் அதே கேள்வி மூன்றாம் முறை வந்ததும் போர் விமானி ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வானத்துல நேருக்கு நேர் மோதுற காலமெல்லாம் மலையேறிப்போச்சும்மா. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தே ஏவுகணையை விட்டிருக்கலாம். ஏன் கிட்டப் போனே?" என்றார் அதிகாரி.

"திரையில வெறும் புள்ளிதானே சார் தெரியுது? எதிரிதானான்னு பார்க்க வேண்டாமா?"

"எதிரின்னு கம்ப்யூட்டர் சொல்லிடுச்சே! அதுக்கு மேல என்னத்தைப் பார்த்தே?"

"ஜன்னல் சார்! வரிசையா ஜன்னல்! பயணிகள் விமானம் சார் அது. ஒரு அம்மா கைக்குழந்தையைத் தூக்கிப் பிடிச்சு எனக்கு டாட்டா காட்டச் சொல்றாங்க!"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் பண்ண தப்புக்குத் தனி விசாரணை இருக்கும்மா. அதை இதுல கலக்காதே. சொல்லு, நீ ஏன் கிட்டப் போனே?"