எல்லாமே செல்லாது

“தெரிஞ்சவர்ங்கிறதுக்காக உங்கள விட்டுட முடியாது,” என்றார் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தலைவர். “வக்கீல் லைசென்ஸ் காலாவதியாகி ஏழு வருஷம் ஆச்சு. ஆனா ஒருநாள் விடாம கோர்ட்டுல வாதாடியிருக்கீங்க!”

“புதுப்பிக்க மறந்துட்டேன் சார்,” என்று வக்கீல் தலையைச் சொறிந்தார்.

“ஃபீஸ் வாங்க மறந்தீங்களா?” தலைவர் குமாஸ்தாவிடம் திரும்பினார். “எழுதுங்க. ஏழு வருஷத்துல இவர் நடத்தின எந்த வழக்கும் செல்லாது.”

குமாஸ்தா எழுதி நீட்டினார். “புகார் குடுத்த அம்மா வெளியில காத்துக்கிட்டிருக்காங்க சார். உத்தரவு இப்பவே கைக்கு வேணுமாம்.”

“பாவம், இந்த ஆளால என்ன பாடு பட்டாங்களோ! உடனே குடுங்க.” தலைவர் கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா காகிதத்தோடு ஓடினார்.

வக்கீல் மெதுவாகக் கேட்டார். “எல்லா வழக்குமா சார்?”

“ஒண்ணு விடாம!”

“அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் வாங்கிக் குடுத்த உங்க விவாகரத்துமா?”

தலைவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். போன மாதம்தான் அவர் மறுமணம் செய்துகொண்டிருந்தார்.

“குமாஸ்தா! அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்குங்க!”

குமாஸ்தா மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

“அந்தம்மா பெட்டி படுக்கையோட டாக்சியில ஏறிட்டாங்க சார். எங்க போகணும்னு டிரைவர் கேட்டதுக்கு, ‘என் புருஷன் வீட்டுக்கு’ன்னு உங்க விலாசத்தைச் சொன்னாங்க.”